ஆராய்ச்சி மணியின் கயிறு எட்டுமா?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

திருவாரூரில் இருந்து ஆண்ட மனுநீதிச் சோழனின் கதையை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. கன்றைப் பறிகொடுத்த பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை இழுத்தது. மன்னன் எழுந்து வந்தான். குற்றம் செய்தவன் தன் ஒரே மகன் என்று தெரிந்தும் நீதி வழுவாது நின்றான். அந்த மன்னனின் சிலை இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது.

இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் நாம் மன்னனையே புகழ்கிறோம். புகழ வேண்டியதுதான். ஆயினும் அன்று மூன்று காரியங்கள் ஒழுங்காக நடந்திருக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலாவது, மணியின் கயிறு வாயில்லாத பசுவுக்கும் எட்டும் உயரத்தில் இருந்தது. இரண்டாவது, மணி அடித்தால் கேட்பதற்கு உள்ளே ஒரு காது இருந்தது. மூன்றாவது, கேட்டவன் வாளா இராமல் எழுந்து வந்தான். இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் பசு கத்திக் கத்தி வீடு திரும்பியிருக்கும். நமக்குக் கதையும் கிடைத்திராது.

நம் காலத்திலும் ஓர் ஆராய்ச்சி மணி உண்டு. அதன் பெயர் தேசிய மனித உரிமை ஆணையம். அதற்குக் கயிறு எட்டுகிறதா, காது இருக்கிறதா, கேட்டபின் யாரேனும் எழுகிறார்களா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இந்த மணி பிறந்த வரலாற்றைச் சிறிது காண்போம். இரண்டாம் உலகப் போரின் கொடுமைகளைக் கண்டு மனம் நொந்த உலக நாடுகள், 1948 டிசம்பர் 10-ஆம் நாள் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டன. அதன் முதல் விதியில் 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படும்படி இருந்த சொல்லை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றப் போராடி வென்றவர் நம் நாட்டுப் பெண்மணி ஹன்சா மேத்தா. பெண் பிள்ளைகளாகிய நாம் இதை மறக்கலாகாது.

பிரகடனம் ஏட்டில் இருந்தால் போதுமா? ஒவ்வொரு நாட்டிலும் அதைக் காக்க ஒரு காவலர் வேண்டுமல்லவா? அக்காவலர் எப்படி இருக்க வேண்டும் என்று 1991-இல் பாரிஸ் நகரில் கூடி வகுத்த விதிகளை ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1993 டிசம்பரில் ஏற்றது. அவ்விதிகளின் சாரம் ஒன்றே: காவலருக்குச் சம்பளம் அரசு கொடுக்கலாம், ஆனால் அவர் அரசுக்குக் கைகட்டி நிற்கக் கூடாது.

நம் நாட்டில் 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, அவ்வாண்டு அக்டோபர் 12-இல் தேசிய ஆணையம் அமைந்தது. முதல் தலைவர் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்து, பின்னாளில் நம் தமிழகத்தின் ஆளுநராகவும் விளங்கிய பாத்திமா பீவி அம்மையார் அந்த முதல் ஆணையத்தின் உறுப்பினர்களுள் ஒருவர். 1997 ஏப்ரல் 17-இல் தமிழ்நாட்டுக்கென மாநில மனித உரிமை ஆணையம் சென்னையில் தொடங்கப்பட்டது. 2024 டிசம்பரில் தேசிய ஆணையத்தின் தலைவராக நியமிக்கப்பட்டவர் நம் மன்னார்குடியில் பிறந்த நீதிபதி வி. இராமசுப்பிரமணியன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

ஆணையம் நீதிமன்றம் அன்று. அது யாரையும் சிறைக்கு அனுப்பாது. ஆனால் சாட்சிகளை அழைக்கலாம். ஆவணங்களைக் கேட்டு வாங்கலாம். சிறைச்சாலைக்குள் சென்று பார்க்கலாம். முன்பு மாநில அரசுக்கு அறிவித்துவிட்டுத்தான் சிறையைப் பார்க்க இயலும். 2006-இல் வந்த திருத்தத்தால் அந்தத் தடை நீங்கியது. விருந்தாளி வருகிறார் என்று முன்னமே தெரிந்தால் எந்த வீட்டிலும் கூட்டிப் பெருக்கி வைத்திருப்பார்கள் அல்லவா? ஆணையம் அமைந்த இரண்டே மாதங்களில், 1993 டிசம்பர் 14-இல், எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் போயிற்று. காவலில் ஓர் உயிர் போனாலோ, ஒரு பெண்ணின் மானத்துக்குப் பங்கம் நேர்ந்தாலோ, 24 மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதே அக்கடிதம். பூட்டிய அறைக்குள் நடப்பது வெளியே தெரியாமற் போவதே கொடுமைக்கு உரம். அந்த உரத்தை நிறுத்த அது முதல் முயற்சி.

"காவல் நிலையம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, ஆணையம் எதற்கு?" என்று கேட்போர் உளர். அவர்களுக்கு நம் பக்கத்து மாவட்டத்துக் கதையொன்றே விடை சொல்லும்.

தருமபுரி மாவட்டம் அரூரை அடுத்து, சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு பழங்குடிச் சிற்றூர். 1992 ஜூன் 20-இல், சந்தனக் கட்டை தேடி வந்ததாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருக்குள் புகுந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, 18 பெண்கள் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாயினர். பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் சேலம் மத்திய சிறையில் அடைக்கப்பட்டனர். இவர்கள் போய் எந்தக் காவல் நிலையத்தில் புகார் சொல்வார்கள்? புகாரைக் கேட்க வேண்டியவரே புகாருக்கு உரியவராய் இருந்தால் என்ன செய்வது? வேலியே பயிரை மேய்ந்தால் பயிர் யாரிடம் முறையிடும்?

அப்போது தேசிய மனித உரிமை ஆணையம் பிறக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான தேசிய ஆணையம் இருந்தது. அதன் தென்மண்டல இயக்குநராயிருந்த பாமதி என்னும் பெண் அதிகாரி நேரே அவ்வூருக்குச் சென்றார். கண்டதை மறைக்காமல் அறிக்கையாக எழுதினார். தொடர்ந்து போராடிய மக்கள் இயக்கத்தின் உழைப்பும் அந்த அறிக்கையும் சேர்ந்து வழக்குக்கு உயிர் கொடுத்தன. 1995-இல் உயர் நீதிமன்றம் புலனாய்வை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29-இல், சென்னை உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதி செய்தது.

ஆணையம் தண்டிக்கவில்லை, உண்மைதான். தண்டித்தது நீதிமன்றம். ஆனால் அரசின் பக்கம் நின்று பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத ஒருவர், அரசின் முத்திரையோடு எழுதிய முதல் காகிதம் அந்த ஏழைகளுக்குப் பற்றுக்கோடாயிற்று. மனித உரிமை அமைப்பு ஒன்றின் பணி என்ன என்று என்னைக் கேட்டால், "முதல் காகிதத்தை எழுதுவது" என்றே சொல்வேன்.

இரண்டாவது கதை இன்னும் அருகில் நடந்தது. நம் எடப்பாடியிலிருந்து மேட்டூர் போய், கொளத்தூரைத் தாண்டினால் பாலாறு. அதற்கப்பால் மாதேசுவரன் மலை. வீரப்பனைத் தேடி இரு மாநிலங்களின் அதிரடிப் படைகள் அலைந்த காடு அது. 1993 ஏப்ரல் 9-இல் பாலாற்றருகே வீரப்பன் கூட்டம் வைத்த கண்ணிவெடிக்கு 22 உயிர்கள் பலியாயின. அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு. அவர்களுக்காக அழாத மனம் மனமே அன்று. ஆனால் அதே காட்டில், வீரப்பனுக்கு உதவினார்கள் என்ற ஐயத்தின் பேரில் மலைக் கிராமத்து ஏழைகள் பிடித்துச் செல்லப்பட்டு வதைக்கப்பட்டனர் என்ற முறையீடு எழுந்தது. அதனை விசாரிக்க 1999-இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2003-இல் குழு அறிக்கை தந்தது. 2007 ஜனவரியில் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்தது.

இதில் மகிழ்ச்சியும் உண்டு, வருத்தமும் உண்டு. சேவலும் ஆடும் விற்றுப் பிழைக்கும் மலைவாசி ஒருவர் சொன்ன சொல்லை, தில்லியில் உள்ள ஓர் அலுவலகம் நம்பியது என்பது மகிழ்ச்சி. அந்த நம்பிக்கை பணமாக உருப்பெற ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆயின என்பது வருத்தம். ஏழரை நாட்டுச் சனி பிடித்தவன் கூட ஒரு நாள் விடியும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆறுதல் அடைவான். இவர்களுக்குப் பஞ்சாங்கமும் இல்லை.

"குற்றவாளிக்கு எதற்கு உரிமை? காவலரைச் சுதந்திரமாக வேலை செய்ய விடுங்கள்" என்று நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலும், ஏன், சில வீடுகளிலும் பேசுவதைக் கேட்கிறோம். பெரியவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இக்கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குற்றவாளி யார் என்று முடிவு செய்வது நீதிமன்றம். அதற்கு முன்னரே அடி விழுந்தால், அந்த அடி குற்றவாளிக்கா, நிரபராதிக்கா என்று அடிப்பவருக்கே தெரியாது. இதனாலன்றோ 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யும் காவலர் தம் பெயர் தெரியும்படி அட்டை அணிய வேண்டும், கைதானவரின் உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றெல்லாம் விதித்தது! நேர்மையான காவலருக்கு இவ்விதிகள் பாரமல்ல, பாதுகாப்பு. அவர் மீது வீண்பழி விழாமல் காப்பவையும் இவையே.

இனி, கயிறு எட்டுகிறதா என்று பார்ப்போம்.

நம் ஊர் தறி ஊர். காலையில் எழும்போதே தறிச் சத்தத்தில்தான் கண் விழிக்கிறோம். அந்தச் சத்தத்துக்குள் ஒரு சொல் ஓயாமல் கேட்கும், அது 'அட்வான்ஸ்'. திருமணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் முன்பணம் வாங்கிவிட்டு, அதை அடைக்க முடியாமல் கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாய் ஒரே பட்டறையில் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்கள் எடப்பாடி முதல் பள்ளிபாளையம், குமாரபாளையம் வரை உண்டு என்பதைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள். முதலாளிகள் எல்லோரும் தீயவர் என்று நான் சொல்லவில்லை. நூல் விலையாலும் கடனாலும் தாமே தவிப்போர் அவர்களில் பலர். ஆனால் கடனுக்காக மனிதனை வேறு வேலைக்குப் போகவிடாமல் கட்டி வைப்பதைக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே குற்றமாக்கிவிட்டது. தமிழ்நாட்டுக் கொத்தடிமைகளைப் பற்றிய வழக்கொன்றில்தான், 1997 நவம்பரில், அச்சட்டம் நாடெங்கும் ஒழுங்காக நடைபெறுகிறதா என்று கண்காணிக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது. நம் மண்ணின் துயரமே நாட்டுக்கு ஒரு காவலைப் பெற்றுத் தந்தது!

எட்டாம் வகுப்பு வரை எங்களோடு படித்த தோழி ஒருத்தி, இப்போது வெளியூரில் ஒரு நூற்பாலை விடுதியில் தங்கி வேலை செய்கிறாள். மூன்றாண்டு முடிந்தால் மொத்தப் பணம் தருவார்களாம். அது அவள் கல்யாணத்துக்காம். பொங்கலுக்கு வந்தவளைப் பார்த்தபோது மிகவும் மெலிந்திருந்தாள். இரவு ஷிப்டு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். "யாரிடமாவது சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "சொன்னா என்ன புள்ளே ஆகும்? மூணு வருசக் காசு போயிரும்" என்றாள். அவள் சொன்னதற்கு என்னிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடித்தான் இக்கட்டுரைக்கு வேண்டிய செய்திகளை எல்லாம் படித்தேன்.

படித்ததில் தெரிந்தது இது. ஆணையம் பெரும்பாலும் அரசு ஊழியர் செய்த மீறலையே விசாரிக்கும். தனியார் ஆலை முதலாளியை நேரே கூப்பிட்டுக் கேட்காது. ஆனால் மீறலைத் தடுக்க வேண்டிய அரசு ஊழியர் கவனக்குறைவாய் இருந்தாலும் அது விசாரணைக்கு உரியதே என்று சட்டம் சொல்கிறது. ஆலையைச் சோதிக்க வேண்டிய அதிகாரி சோதித்தாரா? கொத்தடிமைகளை மீட்க வேண்டிய மாவட்ட நிர்வாகம் மீட்டதா? இக்கேள்விகளை ஆணையம் கேட்கலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். பாதிக்கப்பட்டவருக்காக மற்றவர் எழுதலாம். பசுவுக்காகப் பக்கத்து வீட்டார் கூட மணி அடிக்கலாம் என்பதே இதன் பொருள்.

ஆயினும் கயிற்றில் ஒரு முடிச்சு உண்டு. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் ஆணையம் விசாரிக்க முடியாது. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் பெண், வெளியே வந்து வாய் திறப்பதற்குள் கெடு முடிந்துவிடும். அச்சத்தால் வாயடைத்துப் போனவர்களுக்கும் சிறுவர் சிறுமியருக்கும் இக்கெடுவைத் தளர்த்த வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்தது காது. ஆணையத்தின் விசாரணைப் பிரிவில் காவல்துறை அதிகாரிகளே பணிபுரிகின்றனர். காவலர் மீதான புகாரைக் காவலரே விசாரித்தால் புகார் கொடுத்தவருக்கு நம்பிக்கை எப்படி வரும்? உலக நாடுகளின் மனித உரிமை ஆணையங்களைத் தரம் பிரிக்கும் அமைப்பும் இதைக் குறையாகச் சொல்லி, பெண்கள் போதிய அளவில் இல்லை என்பதையும் சுட்டி, 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நம் ஆணையத்துக்குத் தரச் சான்று புதுப்பிப்பதைத் தள்ளி வைத்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தப்படி உறுப்பினருள் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். ஒருவர் போதுமா? வாச்சாத்திப் பெண்கள் வாய் திறந்தது ஒரு பெண் அதிகாரியிடம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். விசாரிக்கச் செல்லும் குழுவில் பாதிப்பேர் பெண்களாய் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, எழுந்து வருதல். ஆணையம் ஆணையிடாது, பரிந்துரைக்கும். அரசு ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். அனுப்பாவிட்டால்? மணிப்பூர் வழக்கொன்றில் ஆணையமே உச்ச நீதிமன்றத்தின் முன் தன்னைப் 'பல்லில்லாப் புலி' என்று சொல்லி வருந்தியது. ஆனால் பல்லில்லாவிட்டாலும் வாய் உண்டே! நீதிமன்றத்தை அணுகும் உரிமையைச் சட்டம் அதற்கு அளித்திருக்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் சக்மா அகதிகள் விரட்டப்படும் நிலை வந்தபோது, ஆணையமே உச்ச நீதிமன்றம் சென்று, 1996 ஜனவரியில் அவர்களுக்குப் பாதுகாப்புப் பெற்றுத் தந்தது. 2021 பிப்ரவரியில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்றே தீர்ப்பளித்தது. பல் முளைக்கத் தொடங்கியது நம் தமிழ் மண்ணில் என்று பெருமை கொள்ளலாம்.

சிலர், ஆணையத்துக்கே தண்டிக்கும் அதிகாரம் கொடுத்துவிட வேண்டும் என்கின்றனர். நான் அவ்வாறு கருதவில்லை. அப்படிச் செய்தால் அது இன்னொரு நீதிமன்றமாகிவிடும். வக்கீலும் வாய்தாவும் அங்கும் வந்துவிடும். நம் தறிக்காரர் மறுபடியும் வாயிலுக்கு வெளியே நிற்பார். எனக்குத் தோன்றும் வழி வேறு. ஒவ்வொரு பரிந்துரையையும், அதற்கு அரசு அளித்த பதிலையும், பதில் வராத நாட்களின் எண்ணிக்கையையும் மாவட்டந்தோறும் மக்கள் பார்க்கும்படி தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். தேர்வு மதிப்பெண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் நாங்கள் அடுத்த முறை படிக்கிறோம் அல்லவா? அரசு அலுவலகங்களும் படிக்கும்.

அன்பு மாணவியரே! சட்டம் செய்வது நம் கையில் இல்லை. கயிற்றைப் பிடிப்பது நம் கையில் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு இடர் நேர்ந்தால் 1098. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 14433. இவ்விரு எண்களும் வாய்ப்பாடு போல் நம் நாவில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தறிக்காரர் தெருக்களில், நாம் ஒவ்வொருவரும் ஒரு மனு எழுதித் தரும் அளவுக்குத் தமிழ் கற்றிருக்கிறோம். டிசம்பர் 10-ஆம் நாளைப் பேச்சுப் போட்டியோடு முடித்துவிடாமல், அன்று நம் பள்ளியில் மனு எழுதும் பயிற்சி நடத்த வேண்டும் என்று அருட்சகோதரியரையும் ஆசிரியைகளையும் பணிவுடன் வேண்டுகிறேன். பெற்றோரே, கல்யாணச் செலவுக்கென்று மகளை விடுதிக்கு அனுப்புமுன், அங்கே அவள் நினைத்த நேரத்தில் உங்களோடு பேச முடியுமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்கப்படாத கேள்வியில்தான் எல்லாக் கொடுமையும் குடியிருக்கிறது.

மனுநீதிச் சோழன் இன்று இல்லை. மன்னர் ஆட்சியும் இல்லை. மக்களாட்சியில் மணியைத் தொங்கவிட்டவரும் நாமே, அடிப்பவரும் நாமே, உள்ளே இருப்பவரை எழுப்ப வேண்டியவரும் நாமே. என் தோழி அடுத்த பொங்கலுக்கு ஊர் வரும்போது அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு விடை இருக்கும்: "நீ சொல்லப் பயந்தால் பரவாயில்லை, உனக்காக நான் எழுதுகிறேன்."